தவிட்டுக்கு விற்ற பிள்ளை

என் கையில் இருந்த டேப்லெட்டின் கணக்கில் அந்தப் பெண் செத்துப் பல வருஷம் ஆகிறது. எதிரே அவளோ, வெயிலில் காய்ந்துகொண்டிருந்த என் ஸ்கூட்டி சீட்டின் மேல் ஈரச் சாக்கைப் போட்டுவிட்டு, "அப்டியே ஒக்காந்தா வெந்துபூடும்கா" என்று சிரித்தாள்.

முதலில் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆவியோடு பேசுகிறவள் என்று நினைத்துக்கொள்வீர்கள். நான் சர்வே எடுக்கிறவள். ஒருதரம் வந்து எழுதிக்கொண்டு போய்விடுகிற சர்வே இல்லை. அதே குடும்பங்களைத் தேடிச் சில வருஷத்துக்கு ஒருமுறை போய், அதே கேள்விகளைத் திரும்பக் கேட்கிற சர்வே. வில்லியனூர், பாகூர் பக்கத்தில் எந்த வீட்டு நாய் கடிக்கும், எது சும்மா குரைக்கும் என்று என்னைக் கேட்டால் சொல்வேன். "போன தடவ கேட்டதையே கேக்கறியேம்மா, எழுதி வெக்கறதில்லையா நீ?" என்று கேட்காத வீடு கிடையாது. எழுதி வைத்திருப்பதால்தான் திரும்பக் கேட்கிறோம் என்று சொன்னால் இன்னும் பரிதாபமாகப் பார்ப்பார்கள்.

வீட்டுப் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் முதல் பாடம். அதனால் இதில் எல்லாப் பெயரையும் மாற்றிவிட்டேன். அருள்மொழி என்கிற என் பெயர் மட்டும் நிஜம். ஊர் கரிக்கலாம்பாக்கம் தாண்டி, அவ்வளவுதான் சொல்வேன்.

எங்கள் கேள்விகளில் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டு. நாற்பத்தொன்பது வயது வரையுள்ள பெண்களிடம், அவர்கள் பெற்ற பிள்ளைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல வேண்டும். ஆணா பெண்ணா, இருக்கிறதா இல்லையா. ஆறிப்போன புண்ணைக் கிளறுகிற வேலை. கலியம்மாளின் பெயரைத் தட்டினால் டேப்பில் நான்கு பிள்ளைகள் வரும். நான்கின் பக்கத்திலும் 'இறப்பு' என்று இருக்கும். நாலாவது, பெண். முதல் சுற்றில் வேறு யாரோ போய்க் கேட்டிருக்கிறார்கள். இரண்டாவது சுற்றில் நான் போனேன். அதே பதில்தான் வந்தது.

அந்த நாலாவதுதான் இப்போது என் சீட்டுக்குச் சாக்குப் போட்டவள். மணிபாரதி. வயது பத்தொன்பது.

எனக்கும் அன்று காலைதான் தெரியும். பக்கத்து வீட்டு மதலேனாளிடம் முதலில் சர்வே முடித்தேன். அறுபதைத் தாண்டியவர், மாதா கோயிலுக்கு ஒரு நாள் தவறாதவர். மகன் ஆன்டோ குவைத்தில். வீட்டில் அவரும் மகள் மணிபாரதியும் என்றுதான் இரண்டு சுற்றிலும் பதிவாகியிருந்தது. அந்த வயதில் அவரிடம் பிள்ளைப்பேறு பற்றிக் கேட்கிற கேள்வியே வராது. அதனால் எங்கள் ஆபீசில் யாருக்கும் சந்தேகம் தட்டவில்லை. அவரும் வாய் கூசாமல், "ஆமா, எம் பொண்ணுதான்" என்றார். கூடவே இருந்த மணிபாரதி எழுந்து என் பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

"அக்கா, அடுத்து எங்க சின்னம்மா வூட்டுக்குத் தானே போறீங்க?"

"ஆமாம்மா."

"அவங்க எனக்குச் சின்னம்மா இல்ல. என்னப் பெத்தவங்க. போன தடவ நீங்க வந்தப்ப நான் தோ அந்த மோட்டார் கொட்டாயாண்ட நின்னுனு இருந்தேன். எத்தினி பொறந்துச்சின்னு நீங்க கேட்டீங்க. நாலும் போச்சின்னு சொன்னாங்க. நான் கேட்டுனேதான் இருந்தேன்."

அப்போது இவள் ஆறாவதோ ஏழாவதோ படித்துக்கொண்டிருந்திருப்பாள்.

மதலேனாள் பின்னாலேயே வந்துவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. நின்றபடியே சொன்னார்.

கலியம்மாளுக்கு வரிசையாக மூன்று பிள்ளைகள் பிறந்து, மூன்றும் மாசம் திரும்புவதற்குள் போய்விட்டன. நாலாவதாக இவள் பிறந்ததும், இந்தப் பக்கத்து வழக்கப்படி, முறத்தில் கிடத்திக் குப்பைமேட்டில் வைத்துவிட்டாள். தனக்கு வேண்டாத பிள்ளை என்று எமனுக்குக் காட்டுவதற்கு. மதலேனாள் போய் எடுத்து, ஒரு படி தவிட்டைக் கலியம்மாள் மடியில் கொட்டி, பிள்ளையை விலைக்கு வாங்கிக்கொண்டார். எந்த வீட்டிலும் கொஞ்ச நாள் கழித்து அதே தவிட்டைத் திருப்பிக் கொடுத்துப் பெற்றவள் பிள்ளையை மீட்டுக்கொள்வாள். கலியம்மாள் மீட்கவில்லை.

"ஒவ்வொரு பொங்கலுக்கும் கேப்பேம்மா. தவிட்டக் குடுத்துட்டு எடுத்துக்கடி, ஒம் பொண்ணுதானன்னு. இன்னும் ஒரு வருசம் போவட்டும்கா, இன்னும் ஒரு வருசம்னுவா. பயம். மொதலாவது போனது தூக்கத்துல. இவ பச்சப்புள்ளயா இருக்கச்சொல்லோ மூக்காண்ட வெரல வெச்சி மூச்சு வருதான்னு பாத்துனே ஒக்காந்திருப்பா. இன்னிக்கும் அது தூங்குனா வந்து வெரல வெச்சிப் பாக்கறா, மாடு மாதிரி வளந்த பொண்ண."

மணிபாரதி சாப்பிடுவது, தூங்குவது, சண்டை போடுவது எல்லாம் கலியம்மாள் வீட்டில்தான். சர்வேக்காரர்கள் வருகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் அவளுடைய பாயும் தலையணையும் மதலேனாள் வீட்டுக்கு வந்துவிடுமாம். இரண்டு சுற்றாக எங்கள் இத்தனை பெரிய சர்வேக்கு அந்த இரண்டு பெண்களும் சேர்ந்து தண்ணி காட்டியிருக்கிறார்கள். கோபம் வரவேண்டும். வந்தது. ஆனால் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை.

"சர்டிபிகேட்ல, ரேசன் கார்டுல எல்லாம் தாயார் பேரு கலியம்மாள்னுதான் கீது" என்றாள் மணிபாரதி. "ஆஸ்பத்திரில எழுதுனது. அவங்க வாயால மட்டும் ஒரு தடவகூட வந்தது இல்லக்கா. திங்கக்கெழம நான் ஓசூர் போறேன். செல்போன் கம்பெனில வேலை, ஆஸ்டல்ல தங்கணும். போறதுக்கு முன்னால ஒரே ஒரு தடவ 'எம் பொண்ணு'ன்னு அவங்க சொல்லிக் கேக்கணும். ஊர்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சதால யாரும் அவங்களக் கேக்க மாட்டாங்க. நீங்க மட்டுந்தான் கேப்பீங்க."

கலியம்மாளுக்கு வயது நாற்பத்தெட்டு. அடுத்த சுற்று வரும்போது அந்த வயது வரம்பைத் தாண்டிவிடுவாள். அவளிடம் இந்தக் கேள்வியைக் கேட்கப்போவது இதுதான் கடைசி முறை. பிடிக்காத கேள்வி என்று சொன்னேன் அல்லவா? அன்று எனக்கு அதைக் கேட்கவே பயமாக இருந்தது.

கலியம்மாள் வீட்டுக்குள் மிளகாயும் பருப்பும் வறுத்த வாசனை. புது டிராலி பெட்டி ஒன்று கடைச் சீட்டுகூடக் கிழிக்காமல் சுவரோரம் நின்றது. அவள் தரையில் உட்கார்ந்து பாட்டில் பாட்டிலாகப் பொடி அடைத்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் யாருக்குக்கா?"

"மதலேனாக்கா பொண்ணு ஓசூர் போவுது. அங்க இன்னா சோறு போடுவானுங்களோ" என்று முகம் மாறாமல் சொன்னாள்.

சண்டைக்காரிதான், ஆனால் கலகலப்பானவள். கரும்பு எவ்வளவு, குத்தகை நிலம் எங்கே போயிற்று, மாட்டை ஏன் விற்றீர்கள் என்று நான் கேட்கக் கேட்க, எனக்கு முன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் சொன்னாள். "எதிர நெல்லு இருந்துச்சின்னு போன தடவ எழுதினியே, இப்ப பாரு, மனை போட்டு மஞ்சக் கல்லா நட்டு வெச்சிருக்கானுங்க. அதுல இன்னா வெளயும்னு ஒங் கைல கீற பொட்டியக் கேளு" என்று கேலி செய்தாள். வீட்டுக்காரர் முத்துசாமி கரும்பு லோடு ஏற்றப் போயிருந்தார். வீட்டில் யார் யார் என்றதற்கு, "நானும் அவரும்தான்" என்றாள்.

அந்த இடம் வந்தது. அந்தக் கேள்வியின்போது வேறு யாரும் இருக்கக் கூடாது என்பது விதி. மணிபாரதி வாசற்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். கலியம்மாளைப் பார்த்து, "இவங்க இருக்கலாமாக்கா?" என்றேன்.

"இருந்தா இன்னா? பக்கத்து வூட்டுப் பொண்ணுதான."

அவளாகவே சம்மதித்தால் விதிப்படி சரிதான். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி குரலைத் தாழ்த்திக் கேட்டேன். "அக்கா, உங்க வயித்துல பொறந்த கொழந்தைங்க மொத்தம் எத்தன?"

"நாலு."

"இப்ப எத்தன பேரு இருக்காங்க?"

பாட்டில் மூடியைத் திருகினாள். நன்றாக இறுகிய பிறகும் திருகினாள்.

"ஒண்ணும் இல்ல. எல்லாம் போச்சி."

டேப் அமைதியாக இருந்தது. போன சுற்றுக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லாவிட்டால் அதற்குத் திருப்தி. அந்த டிராலி பெட்டியையும் பாட்டில்களையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வருஷம். ஜுரம் வந்த ராத்திரி, வயசுக்கு வந்த நாள், பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாள், ஒரு நாளாவது வாய் தவறியிருக்காதா? என் மகன் விளையாட்டில் ஒரு கோப்பை வாங்கி வந்தால் தெருமுனைக் கடைக்காரர் வரைக்கும் சொல்லிவிட்டு வருகிறவள் நான். இவள் எப்படி அந்த ஒரு சொல்லைப் பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு இத்தனை காலம் சோறு பிசைந்து போட்டாள்? மூடநம்பிக்கை என்று ஒரு சொல்லில் சொல்லிவிட்டுப் போகலாம்தான். அன்று அந்தச் சொல் எனக்குப் போதவில்லை.

"சரியாத்தான் சொல்றாங்கக்கா. எழுதிக்குங்க." வாசற்படியிலிருந்து மணிபாரதியின் குரல். அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "நாலாவது பொண்ணு செத்துடுச்சி. திங்கக்கெழம ஓசூருக்குப் பொணந்தான் போவுது. பொணத்துக்கு எதுக்குப் பருப்புப் பொடி?"

"அடியேய்!"

கலியம்மாள் எழுந்த வேகத்தில் பாட்டில்கள் உருண்டன. ஒரே தாவலில் போய்ப் பெண்ணின் வாயைப் பொத்தினாள். "வாயில வசம்ப வெச்சித் தேய்க்க! வெளக்கு வெக்கற வூட்டு வாசப்படில ஒக்காந்துனு இன்னா பேச்சுடி பேசற? எவடி செத்தா? எம் வயித்துல பொறந்தவடி நீ! எம் பொண்ணுடி! நான் இருக்கச்சொல்லோ உன்ன எவன்டி..."

அங்கேயே நின்றுவிட்டாள்.

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெண்ணின் வாயைப் பொத்தியிருந்த கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள். மணிபாரதியின் கண்கள் நிறைந்து வழிந்தன. ஒரு சொல் கேட்டதற்கு ஒரு ஆள் அப்படிப் பார்த்ததை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை.

அடுத்த நொடி கலியம்மாள், எமன் கண்ணில் பட்டுவிடாதபடி, தன் முந்தானையால் பெண்ணைத் தலையோடு மூடி இழுத்து அணைத்துக்கொண்டு கத்தினாள். "மதலேனாக்கா! ஓடியா! சொல்லிட்டேன்கா! தவிடு குடுக்காம சொல்லிட்டேன்!"

மதலேனாள் செருப்பில்லாமல் ஓடி வந்தார். விஷயம் புரிந்ததும் மார்பில் சிலுவை போட்டுக்கொண்டார். விற்ற பிள்ளையைத் திருப்பி வாங்காமலே தன்னுடையது என்று சொல்லிவிட்டாள். சொன்னதை இனி வாய்க்குள் திருப்பித் தள்ள முடியாது. தவிட்டைத்தான் கொடுத்தாக வேண்டும், அதுவும் உடனே.

தவிட்டுக்கு எங்கே போவது? கலியம்மாள் வீட்டில் கடை அரிசி. மதலேனாள் தன் பசுவுக்கே குச்சித் தீவனம் போடுகிறார். நெல் அவித்துக் குத்துகிற வீடு அந்தத் தெருவில் ஒன்றுகூட மிச்சமில்லை.

"நான் போறேன்" என்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. சர்வேக்காரி வீட்டு விஷயத்தில் தலையிடக் கூடாது என்பது எங்கள் இரண்டாவது பாடம். அதை ஈரச் சாக்கோடு சேர்த்துக் கீழே தள்ளிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன்.

மனைக் கற்களுக்கு நடுவே போகிற தார் ரோட்டில் என் ஸ்கூட்டி அவ்வளவு வேகமாக ஓடும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. பூனை குறுக்கே போனால் ஹாரன் அடிக்கிறவள். அன்று ஒரு தண்ணீர் லாரி எதிரே வந்தபோது, 'ஐயோ, அந்தப் பெண் வாசலுக்கு வந்துவிடக் கூடாதே' என்று வேண்டிக்கொண்டேன்.

எங்கள் சூப்பர்வைசர் புகழ்வேந்தன் பயிற்சியில் ஒரு படம் காட்டியிருந்தார். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குழந்தை. நீலம் இருப்பது, சாம்பல் போனது. வருஷம் ஏற ஏறச் சாம்பல் குறைந்து வருவதைக் காட்டி, "இது எவ்வளவு பெரிய விஷயம் பாருங்க" என்றார். நாங்கள் கொட்டாவி விட்டோம். அந்தச் சாம்பல் புள்ளிகளில் ஒன்று இன்று பூண்டு உரித்துக்கொண்டிருந்தது. இன்னும் எத்தனை சாம்பல் புள்ளிகள் எந்தெந்த ஊரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருக்கின்றன? தப்பான கணக்கு என்று வருத்தப்பட எனக்குத் தோன்றவில்லை. நிஜமாகவே போன பிள்ளைகளும் அதில் இருக்கிறார்கள். கலியம்மாளின் மூன்றும் அங்கேதான் இருக்கின்றன. ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஒருத்தி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்தபோது, நான் தினமும் பையில் போட்டுக்கொண்டு சுற்றுகிற அந்த டேப்பின் மேல் எனக்கு முதன்முதலாகப் பயபக்தி வந்தது.

தீவனக் கடையில், "எத்தினி மாட்டுக்குமா?" என்றார் கடைக்காரர்.

"மாடு இல்ல, ஒரு பொண்ணுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நெல் தவிடு தீர்ந்துபோயிற்று, கோதுமைத் தவிடுதான் இருக்கிறது என்றார். மணிபாரதியின் நம்பருக்குப் போன் போட்டேன். மதலேனாள்தான் பேசினார். "எந்தத் தவிடா இருந்தா இன்னா, எமன் இன்னா மாடா வெச்சி மேய்க்கறான் வித்தியாசம் பாக்க? சீக்கிரம் வாம்மா!"

நான் திரும்பியபோது தாயும் மகளும் அதே இடத்தில் அப்படியே இருந்தார்கள். முந்தானை இன்னும் மணிபாரதியின் தலைமேல். மதலேனாள் தன் வீட்டிலிருந்து முறம் கொண்டுவந்திருந்தார், நீல பிளாஸ்டிக் முறம். பத்தொன்பது வயதுப் பெண்ணை அதில் எப்படிக் கிடத்துவது? "ஒரு கால மட்டும் வையிடி, போதும்" என்றார். அவள் வலது காலைத் தூக்கி முறத்தில் வைத்தாள். கொலுசு முறத்தில் பட்டுச் சத்தம் போட்டது.

கலியம்மாள் இரண்டு கையாலும் தவிட்டை அள்ளினாள். அவசரத்தில் பாதி தரையில் சிந்தியது. மதலேனாள் மடியை விரித்து வாங்கிக்கொண்டார்.

"நான் வாங்கன பொருள நான் குடுத்துட்டேன். இனிமே இது ஒன்னுது. எனக்கும் இதுக்கும்..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை. வழக்கமான சொல் ஏதோ இருக்கிறது, இனி பாத்தியம் இல்லை என்கிற மாதிரி. அதைச் சொல்லாமல் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "அம்மான்னு கூப்புடறத மட்டும் நிறுத்திடாதடி."

மணிபாரதி முறத்திலிருந்து காலை எடுக்காமலே அவரையும் கட்டிக்கொண்டாள். நான் அப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் டேப்பைத் துடைத்தேன். உண்மையில் துடைத்தது என் கண்ணை.

மதலேனாள் தவிட்டைக் கொண்டுபோய்ப் பசுவுக்குக் கொட்டினார். அது முகர்ந்து பார்த்துவிட்டுத் தின்றது. கலியம்மாள் அதையும் கண்ணால் பார்த்த பிறகுதான் உள்ளே வந்து என் எதிரே உட்கார்ந்தாள்.

"இப்ப கேளு."

"அக்கா, உங்க வயித்துல பொறந்த கொழந்தைங்க மொத்தம் எத்தன?"

"நாலு."

"இப்ப எத்தன பேரு இருக்காங்க?"

"ஒருத்தி கீறா. எம் பொண்ணு மணிபாரதி." ஒவ்வொரு சொல்லாக, சூடான சோற்றை வாயில் வைக்கிறவள் மாதிரி சொன்னாள்.

நாலாவது வரிசையைத் தட்டி மாற்றினேன். டேப்புக்குப் பொறுக்கவில்லை. திரை முழுக்கச் சிவப்பாகி ஒரு எச்சரிக்கைக் கட்டம் எழுந்து நின்றது. கலியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது, ஆனால் சிவப்பு தெரியும். பதறிப்போனாள்.

"இன்னா சொல்லுது அது?"

"ஒண்ணும் இல்லக்கா. போன தடவ இல்லன்னு சொன்னீங்க இல்ல, அதான். உயிரோட இருக்கிறது உறுதிதானான்னு கேக்குது. ஆமான்னா இங்க தொடணும்."

நானே தொட்டிருக்கலாம், அதுதான் என் வேலை. ஆனால் டேப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தேன்.

கலியம்மாள் திரையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். மணிபாரதி அவள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, தூங்குகிற குழந்தை போலக் கண்ணை மூடிக்கொண்டாள். கலியம்மாள் வலது ஆள்காட்டி விரலை மகளின் மூக்கருகே கொண்டுபோய் வைத்துக் காத்திருந்தாள். மூச்சு வந்து பட்டது. பிறகு அதே விரலால் 'ஆம்' என்பதைத் தொட்டாள்.